உறையில் பெயர் இல்லை: அந்த ஸ்டீல் கிடாரை வாசித்தது யார்?

எனக்கு வந்த கேள்வி இதுதான். அப்பா விட்டுப்போன பெட்டியில் அமெரிக்கக் கிராமிய இசையான கன்ட்ரியைப் பாடிய லொரெட்டா லின், கானி ஸ்மித், பேட்ஸி கிளைன் இசைத்தட்டுகள் கொஞ்சம் இருக்கின்றன. எல்லாவற்றிலும் பின்னால் ஒரு ஸ்டீல் கிடார் அழுதுகொண்டே வருகிறது. உறையைத் திருப்பிப் பார்த்தால் பாடகியைப் புகழ்ந்து நாலு பத்தியும் மற்ற தட்டுகளுக்கு விளம்பரமும்தான், வாசித்தவர் பெயர் எங்குமே இல்லை. காதால் கேட்டே கண்டுபிடிக்க முடியுமா, முடியாதென்றால் வேறு என்ன வழி?

காதை மட்டும் வைத்துக்கொண்டு என்றால் முடியாது. இருபது வருடமாக இதே வேலையாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன், சொல்கிறேன்: காது 'இவர் இல்லை' என்று சொல்வதில் கெட்டி, 'இவர்தான்' என்று சொல்வதில் அவசரக்குடுக்கை. முதலில் காகிதம், அப்புறம் காது. இந்த வரிசையை மாற்றினால் என்ன ஆகும் என்பதற்கு நானே சாட்சி. ரே பிரைஸ் 1956இல் பாடிய 'கிரேஸி ஆர்ம்ஸ்' பாட்டில் ஸ்டீல் வாசித்தது ரால்ஃப் மூனி என்று பல வருடம் நம்பி, நாலு பேரிடம் அடித்துச் சொல்லியும் இருக்கிறேன். காரணம் எளிது, அந்தப் பாட்டை எழுதிய இருவரில் மூனி ஒருவர், மூனி ஸ்டீல் வாசிப்பவர், அப்படியானால் அவர்தானே வாசித்திருக்க வேண்டும்? இல்லை. மூனி அப்போது கலிபோர்னியா பக்கம் வாசித்துக்கொண்டிருந்தவர், பதிவானது கன்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்வில்லில். பெயரைத் தலையில் ஏற்றிக்கொண்டு கேட்டதால் மூனியின் விரல் அதில் எனக்குக் கேட்கவே கேட்டது, அதுதான் வேடிக்கை.

வாத்தியம் பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு நிமிடம். நம் கோட்டுவாத்தியம் பார்த்திருப்பீர்கள், கட்டையைக் கம்பிகளின் மேல் வைத்து நகர்த்தி வாசிப்பது. ஸ்டீல் கிடாரும் அடிப்படையில் அதுதான், இடது கையில் கட்டையாக ஓர் எஃகுத் துண்டு, வலது கையில் கட்டைவிரலுக்கும் இரண்டு விரல்களுக்கும் நகம். கட்டையை நகர்த்தினால் எல்லாக் கம்பிகளும் சேர்ந்துதான் ஏறும், சேர்ந்துதான் இறங்கும். பெடல் வந்தபின் கதை மாறியது. மூன்று கம்பி ஒலித்துக்கொண்டிருக்கும்போதே ஒன்றை மட்டும் காலால் மிதித்து மேலே இழுக்கலாம், மற்ற இரண்டும் அசையாமல் நிற்கும். வீணையில் ஒரு தந்தியை இழுத்துப் பிடித்து வாசிப்பதை நினைத்துக்கொள்ளுங்கள், இங்கே இழுப்பது கால். இந்த வித்தியாசம் காதில் ஏறிவிட்டால் உங்கள் வேலை கால்வாசி முடிந்தது.

உறையில் ஏன் பெயர் இல்லை என்பதற்கு வருகிறேன், அது தெரியாமல் தேடினால் தப்பான இடத்தில்தான் தேடுவோம். ஐம்பதுகளின் நடுவிலிருந்து நாஷ்வில்லில் டெக்கா கம்பெனிக்கு ஓவன் பிராட்லி, ஆர்.சி.ஏ. கம்பெனிக்கு செட் அட்கின்ஸ் மாதிரியான தயாரிப்பாளர்கள், பாடகர் ஊர் ஊராகக் கூட்டிக்கொண்டு போகும் சொந்தக் குழுவைப் பெரும்பாலும் ஸ்டுடியோவுக்குள் விடுவதில்லை. அதற்கென்று ஒரு சின்னக் கூட்டம் இருந்தது, தினமும் அதே ஆட்கள். ஒரு செஷன், அதாவது ஒரு பதிவு அமர்வு, என்றால் 3 மணி நேரம், அதற்குள் 3 அல்லது 4 பாட்டு. காலை 10, பகல் 2, மாலை 6, இரவு 10 என்று நேரம் வகுத்து வைத்திருந்தார்கள். காலையில் ஒருவருக்கு வாசித்த அதே ஆள் பகலில் தெருவைத் தாண்டிப் போய் இன்னொருவருக்கு வாசிப்பார். கூலி வாங்கிக்கொண்டு போகும் ஆளின் பெயரை உறையில் போட வேண்டும் என்று அந்தக் காலத்துக் கம்பெனிகளுக்குத் தோன்றவில்லை. எழுபதுகளில்தான் அந்தப் பழக்கம் பரவலானது.

ஆகவே, பாடகரின் மேடைக் குழுவில் இருந்தவர்தான் தட்டிலும் வாசித்திருப்பார் என்று எடுத்துக்கொள்வது முதல் பெரிய பள்ளம். இதில் விழாதவர்களே கிடையாது. பாடகர் ஹாங்க் வில்லியம்ஸின் ஸ்டீல்காரர் என்றால் எல்லோரும் டான் ஹெல்ம்ஸ் பெயரைச் சொல்வார்கள், நியாயம்தான், 'யுவர் சீட்டின் ஹார்ட்' அவர் வாசித்தது, 1952 செப்டம்பரில். ஆனால் ஹாங்கைத் தூக்கி நிறுத்திய 'லவ்சிக் ப்ளூஸ்' 1948 டிசம்பரில் சின்சினாட்டியில் பதிவானது, அதில் ஸ்டீல் வாசித்தவர் ஜெர்ரி பேர்ட். 1949 ஆகஸ்டில் அதே ஊரில் பதிவான 'ஐ'ம் ஸோ லோன்சம் ஐ குட் க்ரை' பாட்டிலும் பேர்ட்தான். அப்புறம் வருடக்கணக்கில் மேடையில் இந்தப் பாட்டுகளை ஹாங்கோடு வாசித்தவர் ஹெல்ம்ஸ், அதனால் ஜனங்களின் நினைவில் எல்லாம் ஹெல்ம்ஸாகிவிட்டது.

இந்த இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்பதுதான் நான் புதிதாக வருகிறவர்களுக்குக் கொடுக்கும் முதல் வீட்டுப்பாடம். இரண்டு பேருமே பெடல் இல்லாமல் வாசித்தவர்கள், ஆகவே கருவி ஏமாற்றாது, கை மட்டும்தான் வித்தியாசம். பேர்ட் வாசிப்பது வழுவழுவென்று எண்ணெய் தடவியது போல, ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது எங்கே கிளம்பினார் எங்கே இறங்கினார் என்றே தெரியாது, நீண்ட சுரத்தில் கட்டையின் அசைவு நிதானமாக, அகலமாக இருக்கும். ஹெல்ம்ஸ் உச்சத்தில் நின்று கத்துவார், கூர்மையாக, கிட்டத்தட்ட காதைக் குத்துகிற மாதிரி. அதற்கும் காரணம் உண்டு, ஹாங்கின் குரல் இருக்கும் இடத்தில் ஸ்டீல் வந்து மோதக்கூடாது, மேலேயே வாசி என்று ஹாங்கின் தயாரிப்பாளர் பிரெட் ரோஸ் அவரிடம் வற்புறுத்தினார். அந்த உயரம்தான் பின்னால் அவருடைய கையெழுத்தாகிவிட்டது. பேர்ட் பெடல் பக்கமே கடைசிவரை போகாதவர், ஊரெல்லாம் பெடலுக்கு மாறியபோது அவர் எழுபதுகளின் தொடக்கத்தில் ஹவாய்க்கே குடிபோய்விட்டார். பிடிவாதம் என்றால் அது!

சரி, காகிதத்துக்கு வருவோம். நாஷ்வில்லில் நடந்த ஒழுங்கான செஷன் ஒவ்வொன்றுக்கும் இசைக்கலைஞர் சங்கத்தின் படிவம் ஒன்று நிரப்பப்பட்டது, அமெரிக்கக் கலைஞர் கூட்டமைப்பின் 257ஆம் எண் கிளை அது. தேதி, ஸ்டுடியோ, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிவரை, என்னென்ன பாட்டு, யார் தலைவர், யார் யார் வாசித்தார்கள், யாருக்கு எவ்வளவு கூலி என்று எல்லாம் இருக்கும். தலைவருக்கு இரட்டைக் கூலி என்பதால் அந்தப் பெயர் தனியாகத் தெரியும். இவை கலைக்காக எழுதப்பட்டவை இல்லை, காசுக்காக எழுதப்பட்டவை, அதனால்தான் நம்பலாம். வாசிக்காதவனுக்குக் கூலி கொடுக்கக் கம்பெனிக்கு என்ன தலையெழுத்து?

ஆனால் இந்தப் படிவத்திலும் வில்லங்கம் உண்டு. பல படிவங்களில் ஆள் பெயர் இருக்கும், வாத்தியம் இருக்காது. ஏழு பெயர் வரிசையாக இருந்தால் அதில் எவர் டிரம்ஸ், எவர் ஸ்டீல் என்று உங்களுக்கே தெரிந்திருக்க வேண்டும். அதிலும் உலகம் அழைத்த பெயர் அங்கே இருக்காது, சட்டப்படியான முழுப்பெயர்தான் இருக்கும். பீட் டிரேக்கைத் தேடுபவர் ராடிஸ் பிராங்க்ளின் டிரேக் என்று பார்க்க வேண்டும். பென் கீத்தின் பிறப்புப் பெயர் பென்னட் கீத் ஷாஃபெலி, அந்தக் குடும்பப் பெயரை எழுத்துப்பிழை இல்லாமல் நிரப்பும் குமாஸ்தாவை நான் இன்னும் பார்க்கவில்லை. எனக்குப் பிடித்தது ஷாட் ஜாக்சன், கிட்டி வெல்ஸின் ஆரம்பப் பாட்டுகளில் ஸ்டீல் வாசித்தவர். அவருடைய முழுப்பெயர் ஹரால்ட் பிராட்லி ஜாக்சன். ஓவன் பிராட்லியின் தம்பி ஹரால்ட் பிராட்லி நாஷ்வில்லில் ஓயாமல் செஷன் வாசித்த கிடார்காரர். ஒரு படிவத்தில் கடைசிச் சொல் மங்கிப்போயிருந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, பல தடங்களில் தனித்தனியாகப் பதியும் வசதி வந்தபின் ஸ்டீல் மட்டும் வேறொரு நாள் வந்து சேர்ந்திருக்கலாம். அதற்குத் தனிப் படிவம். முதல் நாள் படிவத்தை மட்டும் பார்த்துவிட்டு 'இந்தப் பாட்டில் ஸ்டீலே கிடையாது' என்று ஒருவர் சத்தியம் செய்வார், ஆனால் ஒலிப்பெருக்கியில் அது பாட்டுக்கு அழுதுகொண்டிருக்கும்.

இந்தப் படிவங்களைப் பார்க்க நீங்கள் நாஷ்வில்லுக்குப் போக வேண்டியதில்லை. ஜெர்மனியின் பேர் ஃபேமிலி என்ற கம்பெனி 1975இலிருந்து பழைய கன்ட்ரி பாடகர்களின் மொத்தப் பதிவுகளையும் தடித்தடிப் பெட்டிகளாக வெளியிட்டு வருகிறது. அவற்றோடு வரும் புத்தகத்தின் கடைசியில் செஷன் வாரியாகத் தேதி, ஸ்டுடியோ, ஆட்கள் பட்டியல் இருக்கும், பாதி ஆராய்ச்சியை அவர்களே செய்து வைத்திருக்கிறார்கள். விலை மனுஷனைக் கொன்றுவிடும், ஆனால் யாராவது ஒருவரிடம் இருக்கும். பழைய 78 ஆர்.பி.எம். தட்டுகள் என்றால் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான்டா பார்பரா வளாகம் நடத்தும் அமெரிக்கப் பழம்பதிவுகளின் பட்டியல் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. நாஷ்வில்லின் கன்ட்ரி மியூசிக் அருங்காட்சியகத்திலும் பெரிய ஆவணக் காப்பகம் உண்டு.

வாசித்தவரையே கேட்டால் என்ன என்று தோன்றும். கேட்கலாம், ஆனால் ஒரு நாளைக்கு மூன்று நான்கு செஷன், வருடத்துக்கு நூற்றுக்கணக்கில், அப்படி இருபது வருடம் வாசித்தவரிடம் போய் 1967இல் எவரோ ஒருவர் பாடி ஓடாமல் போன பாட்டின் மறுபக்கத்தைப் பற்றிக் கேட்டால் அவர் என்னதான் சொல்வார்? ஹிட்டான பாட்டு நினைவிருக்கும், சில சமயம் வாசிக்காத ஹிட்டும் நினைவிருக்கும். மனித மனம் அப்படித்தான், ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். கூலி சரியாக வந்ததா என்று பார்க்க அப்போதே எழுதி வைத்த டைரி ஒன்று அவரிடம் இருந்தால் அது வேறு விஷயம், தங்கம்.

இனி காது. காதுக்கு முதலில் கொடுக்க வேண்டியது வருடம். 1953 இறுதியில் வெப் பியர்ஸ் 'ஸ்லோலி' என்ற பாட்டைப் பதிவு செய்தார், ஸ்டீல் வாசித்தவர் பட் ஐசக்ஸ். அடுத்த வருடம் அது 17 வாரம் முதலிடத்தில் நின்றது. பெடல் அதற்கு முன்பே இருந்தது, கிப்சன் கம்பெனி 1940 வாக்கிலேயே பெடல் வைத்துச் செய்தது, ஸ்டீல்காரர் ஸ்பீடி வெஸ்ட் 1948இல் கருவி செய்யும் பால் பிக்ஸ்பியிடம் செய்து வாங்கி வைத்திருந்தார். ஆனால் பெடலைப் பெரும்பாலும் சுருதியமைப்பை மாற்றத்தான் மிதித்தார்கள், சுரம் ஒலிக்கும்போதே மிதித்து அந்த இழுப்பையே பாட்டாக்கி ஊர் முழுக்கக் கேட்க வைத்தது ஐசக்ஸ். அந்தத் தட்டு வந்த மாதத்திலிருந்து ஸ்டீல்காரர்கள் எல்லோரும் கோட் மாட்டும் கம்பியையெல்லாம் வளைத்துத் தங்கள் கருவியில் பெடல் கட்ட ஆரம்பித்ததாகக் கதை சொல்வார்கள். ஆகவே உங்கள் தட்டில் அந்தக் கம்பிக்குள் கம்பி நழுவும் இழுப்பு கேட்டால் அது பெரும்பாலும் 1954க்குப் பிந்தையது. கேட்கவில்லை என்றால் அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, பெடல் இல்லாமலும் அதற்குப் பின் வெகுகாலம் வாசித்தார்கள்.

அதிலும் உட்பிரிவு உண்டு. ஐசக்ஸின் பெடல் இரண்டு கம்பிகளைச் சேர்த்தே தூக்கியது. ஐம்பதுகளின் பிற்பகுதியில் பட்டி எம்மன்ஸ் என்ற ஸ்டீல்காரர் அதை இரண்டாகப் பிரித்தார், ஒரு பெடல் ஒரு கம்பியை முழுச் சுரம் ஏற்றும், பக்கத்துப் பெடல் இன்னொன்றை அரைச் சுரம் ஏற்றும். இரண்டும் தனித்தனியாக அசைவது கேட்டால் கருவி அதற்குப் பிந்தையது. 1962இல் அதே எம்மன்ஸ் மேலே இரண்டு கம்பிகள் சேர்த்தார், அதற்குப் பிறகு ஸ்டீலில் வேகமான தனிச்சுர ஓட்டங்கள் எளிதாகிவிட்டன, அறுபதுகளின் நடுவில் முட்டியால் தள்ளும் லிவர்களும் பரவின. இதையெல்லாம் வைத்து 'இந்தப் பதிவு 1958 என்று போட்டிருக்கிறது, ஆனால் இந்த வாசிப்பு 1965க்கு முன் சாத்தியமே இல்லை' என்று சொல்லிவிடலாம். இடதிலிருந்து பெடல்களின் வரிசை எம்மன்ஸ் முறையா, ஜிம்மி டே என்ற இன்னொரு ஸ்டீல்காரரின் முறையா என்று கேட்டே சொல்கிறேன் என்று யாராவது வந்தால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள், வரிசை காதுக்குத் தெரியாது.

ஆட்களுக்கு வருகிறேன். எல்லோருடைய கையையும் விவரிக்க இடம் போதாது, நான் சுலபமாக அடையாளம் காண்பவர்களை மட்டும் சொல்கிறேன். ரால்ஃப் மூனி துள்ளுவார். சுரங்கள் குதிரைக் குளம்பு மாதிரி டக் டக்கென்று வந்து விழும், ஒலி பளிச்சென்று மேல்ஸ்தாயியில் இருக்கும், பாடகர் ஒரு வரி முடித்து மூச்சு வாங்குவதற்குள் இவர் ஒரு முழு வாக்கியம் பேசிவிடுவார். பக் ஓவன்ஸின் 1959ஆம் வருட 'அண்டர் யுவர் ஸ்பெல் அகெய்ன்', மெர்ல் ஹாகார்டின் 1966ஆம் வருட 'த பாட்டில் லெட் மி டவுன்' இரண்டும் அவர். எழுபதிலிருந்து இருபது வருடம் வேலன் ஜென்னிங்ஸோடு இருந்தார், அங்கே வேகம் குறைந்தாலும் அந்தத் துள்ளல் போகவில்லை. பக் ஓவன்ஸ் என்றாலே மூனி என்றும் நினைக்க வேண்டாம். 1964இன் 'டுகெதர் அகெய்ன்' டாம் பிரம்லி வாசித்தது, அதன் நடுவில் வரும் தனி வாசிப்பு ஸ்டீல் வாசிப்பவர்கள் எல்லோரும் ஒரு காலகட்டத்தில் நகலெடுத்துப் பழகியது, அதில் துள்ளலே இல்லை, ஒரு பெருமூச்சு மட்டும்.

பீட் டிரேக் இதற்கு நேர் எதிர். குறைவாக வாசிப்பார், ரொம்பக் குறைவாக. டாமி வைனட்டின் 'ஸ்டாண்ட் பை யுவர் மேன்' 1968இல் அவர் வாசித்தது, பாப் டிலன் 1969இல் நாஷ்வில்லில் பதிவு செய்த 'லே லேடி லே' பாட்டிலும் அவர்தான். பாடகருக்குப் பின்னால் ஒரு திரைச்சீலை மாதிரி நிற்பார், முன்னால் வர வேண்டும் என்ற ஆசையே இல்லாதவர் போல. ஆனால் குழாய் ஒன்றை வாயில் வைத்து ஸ்டீலைப் பேச வைத்து 1964இல் ஹிட் கொடுத்தவரும் இவரே, ஆகவே அடக்கம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஜான் ஹியூயி உச்சிக்கு உச்சி போவார், கட்டையைக் கருவியின் மேல்பாதிக்குக் கொண்டுபோய் அங்கே நின்று விம்முவார். கான்வே ட்விட்டியின் 'ஹலோ டார்லின்' கேளுங்கள், 1970இல் வந்தது. அப்புறம் இருபது வருடம் தாண்டி வின்ஸ் கில்லின் 'லுக் அட் அஸ்' கேளுங்கள், 1991. அதே ஆள், அதே அழுகை. இந்த ஒரு ஜோடியில் மட்டும் காதே போதும் என்று ஒப்புக்கொள்கிறேன்.

லாயிட் கிரீன், பட்டி எம்மன்ஸ் இருவரும்தான் கஷ்டம். எம்மன்ஸ் எதையும் வாசிப்பார், யார் மாதிரியும் வாசிப்பார். ரே பிரைஸோடு 1963இல் வந்த 'நைட் லைஃப்' ஆல்பத்தில் நடுநிசி ப்ளூஸ், 1968இல் ஜூடி காலின்ஸின் 'சம்டே சூன்' பாட்டில் திறந்தவெளி. இரண்டும் ஒரே கை என்று காகிதம் இல்லாமல் யார் சொல்வார்கள்? கிரீனிடம் ஒரு சுத்தம் உண்டு, ஒவ்வொரு சுரமும் நறுக்கென்று தொடங்கி நறுக்கென்று நிற்கும், அதற்கு வலது உள்ளங்கையால் கம்பியை அடக்கும் விதம் காரணம். அறுபதுகளில் வந்த நாஷ்வில் தட்டுகளில் பாதி அவர்தானோ என்று தோன்றும் அளவுக்கு வாசித்திருக்கிறார், அவரைப் பார்த்து மற்றவர்களும் அப்படியே வாசித்தார்கள், அதனால் 'கிரீன் மாதிரி இருக்கிறது' என்பது சாட்சியே ஆகாது.

கிரீனைக் கேட்டுப் பழக நல்ல இடம் ஒன்று இருக்கிறது. பேர்ட்ஸ் என்ற ராக் குழுவின் (ஜெர்ரி பேர்டோடு சம்பந்தமில்லை) 1968ஆம் வருட 'ஸ்வீட்ஹார்ட் ஆஃப் த ரோடியோ' ஆல்பம். ஆல்பத்தில் லாயிட் கிரீன், ஜே டீ மேனஸ் என்று இரண்டு ஸ்டீல்காரர்கள், எந்தப் பாட்டில் யார் என்று உறை பிரித்துச் சொல்லாது. ஆனால் குழு மார்ச்சில் நாஷ்வில்லில் பதிவு செய்தது, அப்புறம் லாஸ் ஏஞ்சலஸுக்குத் திரும்பி மீதியைச் செய்தது. நாஷ்வில் என்றால் கிரீன், லாஸ் ஏஞ்சலஸ் என்றால் மேனஸ். 'யூ ஏன்ட் கோயின் நோவேர்', 'ஹிக்கரி விண்ட்' நாஷ்வில்லில் பதிந்தவை, 'யூ டோன்ட் மிஸ் யுவர் வாட்டர்' லாஸ் ஏஞ்சலஸில். ஊர் தெரிந்தால் ஆள் தெரியும், இது வேறு எத்தனையோ தட்டுகளுக்கும் பொருந்தும் சூத்திரம். பத்து தடவை மாற்றி மாற்றிக் கேளுங்கள். நான் முதல் தடவை கண்ணை மூடிக்கொண்டு பரீட்சை வைத்துப் பார்த்தபோது பாதிக்கும் கீழே வாங்கினேன்.

ஸ்டீலே இல்லாததை ஸ்டீல் என்று எடுத்துக்கொள்வதும் நடக்கும். கிளாரன்ஸ் வைட்டும் ஜீன் பார்சன்ஸும் சேர்ந்து சாதாரண எலக்ட்ரிக் கிடாரில் தோள்வாரை இழுத்தால் ஒரு கம்பி மட்டும் ஏறுகிற மாதிரி ஒரு கருவி செய்தார்கள், அதைக் கேட்டால் பெடல் ஸ்டீல் என்றுதான் தோன்றும். நான் ஏமாந்திருக்கிறேன், என்னைவிட நன்றாக வாசிப்பவர்களும் ஏமாந்திருக்கிறார்கள். டோப்ரோ என்ற, உடலில் உலோகத் தட்டு பதித்த கிடாரும் அப்படி, ஆனால் அதன் தகர ஒலி சீக்கிரம் காட்டிக்கொடுத்துவிடும்.

நம் ஊரிலும் இலங்கையிலும் கன்ட்ரி என்றால் பல வீடுகளில் ஜிம் ரீவ்ஸ்தான், கிறிஸ்துமஸ் வந்தால் இன்றும் ஒலிக்கும். அவருடைய 'ஹி'ல் ஹாவ் டு கோ' பாட்டில் ஸ்டீல் வாசித்தது யார் என்று ஒருவர் என்னிடம் கேட்டார். யாரும் இல்லை, அதில் ஸ்டீல் கிடையாது, நீங்கள் கேட்பது வைப்ரபோன் என்ற, உலோகப் பட்டைகளைத் தட்டி வாசிக்கும் வாத்தியமும் பியானோவும். ஐம்பதுகளின் இறுதியில் நகரத்துக் காதுகளுக்குப் பிடிக்க வேண்டும் என்று நாஷ்வில்லில் பிடிலையும் ஸ்டீலையும் கொஞ்ச காலம் ஓரம் கட்டினார்கள், ரீவ்ஸ் அந்த அலையின் முகம்.

இன்னும் ஒரு பள்ளம், இதுதான் இன்று அதிகம். பாடகர்கள் தங்கள் பழைய ஹிட்டுகளை வேறு கம்பெனிக்காகப் பத்து இருபது வருடம் கழித்துத் திரும்பப் பாடிக் கொடுத்திருக்கிறார்கள், மலிவு விலைத் தொகுப்புகளில் இருப்பது பல நேரம் அதுதான், இப்போது ஸ்ட்ரீமிங்கில் அதே பெயரில் அதே படத்தோடு உட்கார்ந்திருக்கிறது. 1955ஆம் வருடப் பாட்டு என்று போட்டுவிட்டு, கேட்டால் 1978இன் ஸ்டீல் வரும். ஹாங்க் வில்லியம்ஸ் விஷயத்தில் இன்னும் மோசம், அவர் 1953 புத்தாண்டு அன்று இறந்தபின் அவர் தனியாகக் கிடாரோடு பாடி வைத்திருந்த மாதிரிப் பதிவுகளின் மேல் எம்.ஜி.எம். கம்பெனி வாத்தியக்காரர்களைச் சேர்த்து வெளியிட்டது. அவரும் ஸ்டீல்காரரும் அந்தப் பாட்டுக்காக ஒரே அறையில் நிற்கவே இல்லை. ஆகவே யார் வாசித்தது என்று கேட்பதற்கு முன்னால் எந்தப் பதிவு என்று கேளுங்கள்.

உங்கள் பெட்டிக்கு வருகிறேன். கானி ஸ்மித்தின் 'ஒன்ஸ் எ டே', 1964 ஜூலையில் பதிவானது, ஸ்டீல் வெல்டன் மைரிக். பாட்டின் முதல் நொடியிலிருந்தே பாடகிக்குச் சமமாக நிற்கும் அந்தப் பளபளப்பான ஒலி அவருடையது, கேட்டதும் தெரிந்துவிடும். லொரெட்டா லின்னின் 'கோல் மைனர்'ஸ் டாட்டர்' 1969இல் பதிவாகி அடுத்த வருடம் வந்தது, அது ஹால் ரக், லொரெட்டாவின் வேறு பல பாட்டுகளிலும் ரக்தான். ஆனால் எல்லாவற்றிலும் என்று எழுதிவிடாதீர்கள். பேட்ஸி கிளைன் சுவாரசியம், ஒரே பாடகி, இரண்டு பாட்டு, இரண்டு உலகம். 'வாக்கின் ஆஃப்டர் மிட்நைட்' 1956 நவம்பரில் பதிவானது, ஸ்டீல் நம் டான் ஹெல்ம்ஸ், ஹாங்க் இறந்து மூன்று வருடத்துக்கு மேலான பின்னும் அதே கூர்மை. 'ஐ ஃபால் டு பீசஸ்' 1960 நவம்பரில், அது பென் கீத். இந்த பென் கீத்தான் 1971இல் நாஷ்வில்லில் பாடகர் நீல் யங் பதிவு செய்துகொண்டிருந்த ஸ்டுடியோவுக்குள் வந்து 'ஹார்ட் ஆஃப் கோல்ட்' வாசித்தவர், நீல் யங்கை விடாமல் கேட்கிற எத்தனை பேருக்கு அந்த ஆளைச் சின்ன வயதில் பேட்ஸி கிளைன் தட்டிலேயே கேட்டுவிட்டோம் என்று தெரியும்?

மற்ற பாட்டுகளுக்கு, பெட்டியில் 45 ஆர்.பி.எம். தட்டுகள் இருந்தால் லேபிளில் தட்டு எண்ணைத் தவிர இன்னொரு சின்ன எண் இருக்கிறதா என்று பாருங்கள், டெக்காவின் நாஷ்வில் பதிவு என்றால் என்.ஏ. என்ற எழுத்துகளில் தொடங்கும். அது அந்தப் பதிவின் எண். அதை வைத்துத் தேதியைப் பிடிக்கலாம், தேதியைப் பிடித்தால் அந்த 3 மணி நேரத்தில் பதிவான மற்ற பாட்டுகளும் சேர்ந்தே மாட்டும், ஒரு பெயர் கிடைத்தால் நாலு பாட்டுக்குக் கிடைத்த மாதிரி. உறையின் புகைப்படம் வேண்டாம், லேபிளை நல்ல வெளிச்சத்தில் எடுத்து அனுப்புங்கள், எண் மங்கலாக இருந்தால் சாய்த்துப் பிடித்து இன்னொன்று.